வேடிக்கை பார்க்கவே 800 டாலர்

எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கொலராடோவில் கிரெய்க் பக்கம் ஒரு தனியார் பண்ணையில் நான்கு நாள் எல்க் மான் வேட்டை. சுட்டது அலுவலக நண்பர். நான் பைனாகுலர் தூக்கியவன். அதற்கே நாளுக்கு 200 டாலர். நண்பர் கட்டியது 9,500. உரிமம், கைடுக்கு டிப்ஸ், கறி வெட்டும் கூலி, தலையைப் பாடம் செய்யும் செலவு எல்லாம் தனி.

இத்தனைக்கும் மான் பண்ணைக்காரருடையதே இல்லை. அங்கே காட்டு விலங்குகள் மாநிலத்தின் பொறுப்பில் இருக்கின்றன. வேலிக்குள் கால் வைக்கத்தான் இந்தக் காசு. பக்கத்து அரசு நிலத்தில் வெடிச் சத்தம் கேட்டதும் மான்கள் தாமாகவே வேலி தாண்டி வந்துவிடுகின்றன. நல்ல தொழில்!

டென்வர் விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுக்கும்போதே பனிக்கேற்ற டயரா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். ராபிட் இயர்ஸ் கணவாயில் பனி கொட்டியபோதுதான் தெரிந்தது, நான்கும் வழுக்கை. லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, மாட்டுவண்டி வேகத்தில் இறங்கினோம். இறங்கிய பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

முதல் இரண்டு நாளும் வீண். ஐந்து கிளைக் கொம்பு மான் ஒன்று கிட்டத்திலேயே நின்றது. ஆறு இருந்தால்தான் சுடுவேன் என்றார் நண்பர். எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலை. வேட்டைக்காரர் 500 சதுர அங்குலமாவது ஆரஞ்சோ இளஞ்சிவப்போ போட வேண்டும் என்பது சட்டம். துப்பாக்கி தொடாத எனக்கும் ஒன்றை மாட்டிவிட்டார் கைடு. ஓடைக்கு அப்பால் ஒரு கூவல். நம்மூர் மிளாவையே சிறிசாக்கும் உடம்பு, குரலோ புல்லாங்குழலில் காற்றுப் பிசகியது போல மெலிசு. ஆறு கிளை. ஒரே குண்டு.

அப்புறம் மூன்று மணி நேரம் கத்தி வேலை. கால்களைத் தனித்தனியாகக் கழற்றினார்கள். ஆண் மான்தான் என்பதற்கான அடையாளத்தை மட்டும் ஒரு தொடையிலேயே விட்டுவைத்தார்கள், அதுவும் சட்டம். கறியிலிருந்து ஆவி பறந்தது. மேல்தாடையிலிருந்து இரண்டு பற்களைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார் கைடு. தந்தம் போலவே பழுப்பேறி, வழவழவென்று, இன்னும் சூடாக.

இரவு இடுப்புக்கறியை இரும்புச் சட்டியில் வெண்ணெய், உப்பு மட்டும் போட்டு வாட்டினார்கள். கவிச்சி இல்லை, கொழுப்பு இல்லை. 800 டாலரில் பாதியை அந்தத் தட்டுக்கே எழுதிவிடலாம்.

நண்பர் சரியாகச் சாப்பிடவில்லை. கொட்டகையில் நாடா பிடித்துக் கொம்பை அளந்தார்கள்: நீளம், கிளை, சுற்றளவு, அகலம் எல்லாம் கூட்டி 312 அங்குலம். 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் என்ற வேட்டைக்காரர் கிளப்பின் சாதனைப் பதிவேட்டில் ஏற 360 வேண்டுமாம். மனிதர் முகம் செத்துவிட்டது. நான் இரண்டாம் தட்டு கேட்டேன்.

தலை பாடமாகி வர ஒரு வருடம் ஆகுமாம். என் பங்குக் கறிக்கு விமானத்தில் கூடுதல் சுமைக் கட்டணம் 100 டாலர் அழுதேன். கறியில் பாதி ஏற்கெனவே மிளகு வறுவல் ஆகிவிட்டது.