வெப்பநிலையைப் பார்க்காமலே 'போர்டு போய்விட்டது' என்றார்கள்

கிருஷ்ணகிரியில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஃபார்மட் போட்டுப் பார்க்கலாமா மேடம்?" சூடாகித் தானாக அணைந்துவிடுகிறது என்று சொல்கிறேன், கீபோர்டைத் தொட்டுப் பாருங்கள் என்று நீட்டுகிறேன். விண்டோஸை அழித்து ஏற்றினால் சூடு எப்படிக் குறையும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. திருமண வீடியோ எடிட்டிங் என் தொழில். வைகாசி முகூர்த்த வேலைகள் குவிந்து கிடந்த நேரம் அது. ஒரு கடையில் ஃபார்மட் போட்டுக் காசும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) போட்டதும் பழையபடியே அணைந்தது. மென்பொருள்களையும் எழுத்துருக்களையும் திரும்ப ஏற்றுவதிலேயே ஓர் இரவு போனது.

அடுத்தது ஓசூர், லேப்டாப்பைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர். கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. 50 கிலோமீட்டர் பஸ்ஸில், மடியில் லேப்டாப் பையை அணைத்தபடி போனேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒரிஜினல் பில் இருக்கிறதா?" என்றார். வாரண்டி எப்போதோ முடிந்த மெஷின், நான் காசு கொடுத்துத்தான் சரிசெய்யப் போகிறேன், பில் எதற்கு என்று கேட்டேன். "பில் இல்லாமல் சிஸ்டத்தில் பதிய முடியாது மேடம்." அவ்வளவுதான். போன பஸ் காசு வீண். ஓசூருக்கோ பெங்களூருக்கோ சர்வீஸுக்குக் கிளம்புகிறவர்கள் வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பில்லைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பில்லோடு திரும்பப் போனபோது பரிசோதனைக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். மாலையில் வந்த தீர்ப்பு: "மதர்போர்டு மாற்ற வேண்டும். 23,000 ரூபாய் ஆகும்."

"வெப்பநிலை எவ்வளவு காட்டியது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை."

லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். பின்மூடித் திருகுகளின் பள்ளத்தில் படிந்திருந்த தூசிகூடக் கலையாமல் அப்படியே இருந்தது. திறக்கவே இல்லை. திறக்காமலே 23,000 ரூபாய்க்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அன்றிரவே 'கோர் டெம்ப்' என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 70 டிகிரிக்கு மேல். ரெண்டர் தொடங்கியதும் சில நொடிகளில் 98. பல இன்டெல் லேப்டாப் பிராசசர்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால் மெஷின் அணைந்துவிடும். என்னுடையதில் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டியது 0.8-க்கு இறங்கிக் கிடந்தது. அதைவிட முக்கியமான தடயம் ஒன்று உண்டு. உள்ளே 98 டிகிரி, பக்கவாட்டுத் துளையில் கை வைத்தால் வரும் காற்றோ வெதுவெதுப்புத்தான். உள்ளே இருக்கும் சூடு வெளியே வரவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

கையிலிருந்த வேலையை முடிக்க ஒரு வழி கிடைத்தது. பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்' என்பதை 100-இலிருந்து 99 ஆக்கினேன். டர்போ வேகம், அதாவது பிராசசர் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவது, நின்று, சூடு இறங்கியது. ரெண்டர் மெதுவாகத்தான் போனது, ஆனால் அணையவில்லை. சில மெஷின்களில் இந்த அமைப்பு கண்ணில் படாது.

கடைசியில் பழையபேட்டையில் ஒரு மாடிக் கடை. அங்கிருந்த தம்பி நான் எடுத்துவைத்திருந்த வெப்பநிலைப் படத்தைப் பார்த்ததும், "அக்கா, உட்காருங்கள், உங்கள் எதிரிலேயே திறக்கிறேன்" என்றார். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். பிறகு விசிறியைத் தூக்கிக் காட்டினார். விசிறிக்கும் செம்புக் குழாயின் முனையிலுள்ள தகடுகளுக்கும் இடையே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போலத் தூசி அடைத்துக் கிடந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது ஒரே பட்டையாக உரிந்து வந்தது. கிரானைட் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையோரம் என் வீடு, வேறு என்ன சேரும்? பிராசசரின் சூட்டை அந்தச் செம்புப் பாகத்துக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. சுத்தம் செய்து, புதுப் பேஸ்ட் தடவி, திரும்ப மூடும் வேலை எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் பக்கத்திலேயே நின்று சிலவற்றைக் கவனியுங்கள். புளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் கட்டுக்கடங்காமல் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். சூட்டை வாங்கி வெளியேற்றும் அந்தச் செம்புப் பாகத்துக்கு ஹீட்சிங்க் என்று பெயர்; அதன் திருகுகளின் அருகே பெரும்பாலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கிவிட்டால் பேஸ்ட் சமமாகப் பரவாது. பக்கத்துச் சிப்புகளின் மேல் மெத்தென்று ஒட்டியிருக்கும் தெர்மல் பேடை எடுத்துவிட்டு அங்கேயும் பேஸ்ட் தடவினால் தடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. பேஸ்ட் டியூபைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பெயரில்லாத வெள்ளைப் பசை என்றால் வேண்டாம்.

தம்பி வாங்கியது 700 ரூபாய். கடையிலேயே ரெண்டர் போட்டுப் பார்த்தோம்: 82, 83, அதற்கு மேல் ஏறவில்லை. துளையிலிருந்து அனல்காற்று அடித்தது. அந்தக் காற்றில் கையை வைத்தபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. பவர் அமைப்பை மீண்டும் 100-க்கு மாற்றியும் மெஷின் அணையவில்லை. முகூர்த்த வீடியோக்கள் எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிட்டேன்.

ஓசூரில் தந்த ரசீதில் 'மதர்போர்டு பழுது' என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறார்கள். அதன் நகலோடு இப்போதைய வெப்பநிலைப் படத்தையும் வைத்து, கட்டணத்தைத் திருப்பித் தரும்படி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யப் போகிறேன்.