சானல் கசிந்த காலம்

கிணறு அளப்பது என் வேலை. மாதம் ஒரு தடவை, பதிவேட்டில் உள்ள கிணறுகளுக்குப் போய், கைப்பிடிச் சுவரில் சிவப்பு பெயின்ட் அடித்த குறிக்கு நேரே இரும்பு டேப்பை இறக்குவேன். டேப்பின் நுனியில் ஒரு மீட்டருக்கு சாக்பீஸ் தேய்த்திருக்கும். தண்ணீர் பட்ட இடம் கருத்துத் தெரியும். இறக்கிய நீளத்திலிருந்து நனைந்ததைக் கழித்து, சுவரின் உயரத்தையும் கழித்தால் தரையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே தண்ணீர் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கங்களில் பதினேழு வருடமாக இதைச் செய்கிறேன். ஒப்பந்த வேலைதான். நிரந்தரமானது கழுத்து வலி மட்டும்.

என் பட்டியலில் ஒரு ஆச்சி வீட்டுக் கிணறு இருந்தது. பாசனக் கால்வாயான அனந்தனாற்று சானலின் கிளை ஒன்று வீட்டுக்குப் பின்னால், தென்னைகளுக்கு அப்பால் ஓடும். வெட்டுக்கல் கலந்த செம்மண், அதில் ஏழு மீட்டர் ஆழத்துக்கு உறை எதுவும் இறக்காமல் தோண்டிய கிணறு. நான் டேப்பை எடுக்கும் முன்பே ஆச்சி அளவைச் சொல்லிவிடுவார்கள். "அணையைத் திறந்து எட்டு நாள் ஆச்சுன்னா வாளி விழுற சத்தம் மாறும் மக்கா. நீ எதுக்கு இத போட்டு இறக்குதே?" என்பார்கள். அது உண்மைதான். மே மாதம் 5.1 மீட்டரில் கிடக்கும் தண்ணீர் ஜூலையில் 2.4-க்கு ஏறி நிற்கும்.

இது மழையால் மட்டும் ஏறியதாக நான் நம்பியிருந்தேன். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் எதையும் மழைக் கணக்கில் எழுதிவிடுவது எளிது. ஆனால் தென்மேற்குப் பருவம் ஏமாற்றிய ஒரு வருடமும், பேச்சிப்பாறை அணையில் கிடந்த தண்ணீரை முதல் போகமான கன்னிப்பூ நெல்லுக்குத் திறந்துவிட்டதும் கிணறு வழக்கம்போல ஏறியது. சானல் கசிந்துகொண்டிருந்தது. கன்னிப்பூ வயல் கசிந்துகொண்டிருந்தது. கீழே கடும்பாறை. அதன்மேல் மக்கிய பாறையும் செம்மண்ணும் சேர்ந்த மெல்லிய தோல்போன்ற ஒரு அடுக்கு. தண்ணீர் தங்குவது அதில்தான். அந்தத் தோலில் அதிகம் பிடிக்காது. நிறைவதும் சீக்கிரம், வற்றுவதும் சீக்கிரம்.

பிறகு சானலுக்கு சிமென்ட் போட்டார்கள்.

அந்த வேலைக்கு முன்னால் நடந்த சர்வேயில் நானும் போயிருந்தேன். மேலே இவ்வளவு தண்ணீர் விட்டோம், கீழே இவ்வளவு வந்தது, வித்தியாசத்தைப் படிவத்தில் நிரப்ப வேண்டும். கட்டத்தின் தலைப்பு 'கசிவு இழப்பு'. என் கையெழுத்தில்தான் நிரம்பியது. இழப்பு என்று எழுதிய அந்தத் தண்ணீரை அடுத்த வாரமே ஆச்சி வீட்டுக் கிணற்றில் 'நீர்மட்ட உயர்வு' என்று எழுதினேன். வேறு பதிவேடு, வேறு ஃபைல், வேறு அறை. இரண்டையும் ஒரே மேசையில் யாரும் விரித்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அரசின் கணக்குமுறைக்கே இது தெரியும். நிலத்தடி நீரை மதிப்பிட மத்திய அரசு 1997-ல் வெளியிட்ட வழிமுறையில், பூச்சு போட்ட கால்வாயிலிருந்து நிலத்துக்குள் இறங்குவது, பூசாத கால்வாயில் இறங்குவதில் 20 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதாவது ஐந்தில் நான்கு பங்கு நின்றுவிடும். சிமென்ட் போடும் திட்ட மதிப்பீட்டில் மிச்சமாகும் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்திருக்கிறேன். எத்தனை கிணறுகளுக்கு ஊற்று குறையும் என்று கேட்ட படிவம் எதுவும் என் கைக்கு வரவில்லை.

சரி, சிமென்ட்டே தப்பு என்று சொல்லிவிடலாமா? ஒரு தடவை கடைவரம்பில், அதாவது சானல் போய் முடியும் கடைசி வயல்களில், இப்படிப் பேசப்போய் வாங்கிக்கட்டிக்கொண்டேன். "மேல உள்ளவனுக்க கெணறு நெறைய என் நெல்லு காயணுமா சார்?" என்று ஒரு விவசாயி கேட்டார். அவர் வயல் கதிர் பிடிக்கும் நேரத்தில் சானல் வெறும் மணலாகக் கிடந்ததை நானே பார்த்தவன். பதில் வரவில்லை. சிமென்ட் போட்டபின் அவருக்குத் தண்ணீர் முன்பைவிடச் சீக்கிரம் வந்தது என்பதும் உண்மை.

ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது. கடைவரம்புக்கு வந்த தண்ணீர் முன்பெல்லாம் ஒரு குளத்தில் விழுந்து தங்கும். அதே வழிமுறை, குளத்தில் தண்ணீர் கிடக்கும் ஒவ்வொரு நாளும் 1.4 மில்லிமீட்டர் நிலத்துக்குள் இறங்கும் என்கிறது. கேட்டால் ஒன்றுமில்லாதது போல இருக்கும். 5 ஏக்கர் குளத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 28,000 லிட்டர், நாலு மாதத்துக்கு 34 லட்சம் லிட்டர். நான் சொல்லும் குளத்தில் பாதியை மண்ணடித்து மேடாக்கியாகிவிட்டது. மீதியில் ஆகாயத்தாமரை. மேலே கசிவை அடைத்து மிச்சம் பிடித்த தண்ணீர், கீழே தங்க இடமில்லாமல் ஓடை வழியாகப் பழையாற்றில் விழுந்து மணக்குடியில் கடலுக்குப் போகிறது.

கடலோர ஊர்களில் இதன் கணக்கு இன்னும் கடுமை. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்பு அண்டாது. மேலே ஒரு அடி இறங்கினால் கீழே நாற்பது அடி போயிற்று. மணற்பாங்கில் தோண்டிய ஒரு கிணற்றில் அளந்து முடித்து ஒரு கை கோரிக் குடித்துப் பார்ப்பது என் வழக்கம். இப்போது குடிப்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1882-ம் வருடத்து வசதியுரிமைச் சட்டப்படி நிலம் யாருடையதோ அடியில் உள்ள தண்ணீரும் அவருக்கு. 2003-ல் தமிழ்நாட்டுக்கென்று நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. 2013-ல் அதை ரத்து செய்துவிட்டார்கள். அதே 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். ஆச்சி வீட்டு ஓட்டுக்கூரையிலிருந்தும் ஒரு குழாய் இறங்கி ஒரு குழிக்குள் போகிறது. பத்தடி தள்ளி சானலுக்கு சிமென்ட். இரண்டும் தண்ணீரைக் காப்பாற்றும் திட்டங்கள்தான்.

சிமென்ட் போட்ட மறு வருடம் ஜூலையில் ஆச்சி கிணற்றில் 5.3 மீட்டர். சத்தம் மாறவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் போர் போட்டார்கள், அப்புறம் இன்னொருவர். நாலாவது மே மாதம் டேப் நுனி காய்ந்த சேற்றில் தட்டியது. 'வறண்டது' என்று எழுதினேன். இப்படித் தொடர்ந்து எழுதினால் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வரும்: இந்தக் கிணற்றை நீக்கிவிட்டு மாற்றுக் கிணறு தேர்வு செய்யவும். தேர்வு செய்தோம். பாறைக்குள் அறுபது மீட்டர் இறங்கிய ஆழ்துளைக் கிணறு. அதன் தண்ணீர் பாறை வெடிப்பில் வருவது. சானலும் வயலும் ஊட்டிய மேல்தோல் தண்ணீர் வேறு. ஆனால் வரைபடத்தில் எல்லாம் ஒரே கோடுதான். வறண்ட கிணறுகள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து உதிர உதிர, சராசரி நன்றாகவே இருந்தது.

கடைசியாகக் குறியை அழிக்கப் போனபோது, "இனி நீ வரமாட்டியா மக்கா?" என்று ஆச்சி கேட்டார்கள். பெயின்ட்டை அழிக்காமல் வந்துவிட்டேன்.

அந்தப் பக்கம் போகும்போது இன்னும் வண்டியை நிறுத்தி டேப்பை இறக்குகிறேன். போன ஜூலையில் 5.9. பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. டேப் பையின் உள்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.