எம்ஜிபியை விற்றுவிட்டு டிஆர்6 வாங்கலாமா?

பிரிட்டனில் எம்ஜிபி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு நாலைந்து வருடத்தில் ஒரு நமைச்சல் வரும். பழைய கார்கள் கூடும் இடத்தில் பக்கத்தில் ஒரு ட்ரையம்ஃப் டிஆர்6 வந்து நிற்கும். அந்த ஆறு சிலிண்டர் உறுமலைக் கேட்டபின் தன் காரின் நாலு சிலிண்டர் சத்தம் தையல் மெஷின் மாதிரி இருக்கும். அன்று இரவே விளம்பரங்களைத் துழாவ ஆரம்பித்துவிடுவார்கள்.

மாற்றுவதில் தப்பில்லை. அதற்குமுன் இப்போது கையில் இருக்கும் காரில் எது போதவில்லை என்று தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். "நெடுஞ்சாலையில் கத்துகிறது" என்பதுதான் குறை என்றால் அதற்கு மருந்து ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர். அது இல்லாத எம்ஜிபி மணிக்கு 70 மைலில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3900 சுற்றில் ஓடும். இருந்தால் 3200 போதும். இருக்கிற கியர்பாக்ஸின் பின்னால் தனியாக ஒட்டவைக்க முடியாது, உள்ளே சுழலும் மெயின்ஷாஃப்ட் தண்டே வேறு. ஓவர்டிரைவோடு சேர்ந்த முழு கியர்பாக்ஸாகத்தான் தேட வேண்டும். இன்ஜினை வெளியே எடுத்தாக வேண்டிய வேலை, கிளட்சையும் அப்போதே மாற்றிவிடலாம்.

"வளைவில் சாய்கிறது" என்பது குறை என்றால், 1974 இறுதிக்குப் பின் வந்த ரப்பர் பம்பர் காராக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்கச் சட்டத்துக்காக அதைச் சுமார் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். ஆரம்பத்தில் மேல்திறந்த காரின் முன்பக்க ஆன்ட்டி-ரோல் பாரையும் (வளைவில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) கழற்றிவிட்டார்கள். பாரைத் திரும்பப் போட்டு உயரத்தைக் குறைத்தால் ஆளே மாறிவிடும். இதற்காக ஒரு காரை விற்பது அநியாயம்.

இழுவைதான் வேண்டும் என்றால் கதை வேறு. எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜின் தரும் டார்க் (சுழற்றும் விசை) 110 பவுண்டு-அடி. பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள டிஆர்6-ன் 2498 சிசி இன்ஜின் தருவது 164. கார் எம்ஜிபியைவிட 150 கிலோவுக்கு மேல் கனம் என்றாலும் மூன்றாவது கியரில் மேட்டில் ஏறும்போது வித்தியாசம் முதுகில் தெரியும். ஹெட் வேலை, கேம்ஷாஃப்ட் என்று எம்ஜிபிக்கு எவ்வளவு கொட்டினாலும் அந்த இழுவை வராது.

ஆனால் எல்லா டிஆர்6-ம் ஒன்றல்ல. சேசிஸ் எண் சி.பி. என்று தொடங்கினால் 150 குதிரைத்திறன் இன்ஜெக்ஷன் கார். சி.ஆர். என்றால் 1973 மாடலிலிருந்து வந்த, சுமார் 125-ஆகக் குறைத்த கார். சி.சி., சி.எஃப். இரண்டும் அமெரிக்காவுக்குப் போன ஸ்ட்ரோம்பெர்க் கார்புரேட்டர் வகை, ஏறத்தாழ 105. நல்ல எம்ஜிபியின் 95-ஐக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்த ஒரு சி.எஃப்.-ஐ வாங்குபவர் சத்தத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார். தெரிந்து கொடுத்தால் சரி.

நம் ஊர்க்காரர்களுக்கு இரண்டு இன்ஜினுமே தூரத்துச் சொந்தம். அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சிசியும் எம்ஜிபி இன்ஜினும் ஒரே பி சீரிஸ் குடும்பம். டிஆர்6 இன்ஜின் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் இன்ஜினுக்குப் பெரியண்ணன். ஹெரால்டு வேலை பார்த்த பழைய மெக்கானிக்கிடம் அடுத்து வரும் விஷயத்தை விளக்கவே வேண்டாம்.

த்ரஸ்ட் வாஷர். இன்ஜினின் பிரதான தண்டான கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துவைப்பவை, பின்கோடி மெயின் பேரிங்கில் உள்ள இரண்டே அரைவட்ட வாஷர்கள். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னால் தள்ளப்படுகிறது, அந்தப் பாரம் முழுவதும் பின்பக்க வாஷரில் விழுகிறது. அது தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் நழுவி, அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழும். பிறகு கிராங்க் நேராக இன்ஜின் பிளாக்கையே அரைக்கும். பார்க்கும் முறை சுலபம்: இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவர் கிளட்சை மிதித்து விட, மற்றவர் முன்பக்க புல்லியைப் பார்க்க வேண்டும். அசைவு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலே மோசம். டயல் கேஜ் வைத்தால் 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர் சரியான அளவு. அதைச் சற்றுத் தாண்டியிருந்தால் விலை பேசலாம். சம்ப்பையும் பின் மெயின் கேப்பையும் கழற்றி, இன்ஜின் காரிலேயே இருக்க வாஷரை மாற்றலாம், தடிமனான அளவும் கிடைக்கிறது. எண்ணெய்க் கோடு உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி கழற்றுபவர்கள் உண்டு. அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அடுத்து காருக்கு அடியில். முதல் கியரில் கிளட்சை விடும்போது பின்னால் 'டொக்' என்றால், பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலைத் தாங்கும் முன்பக்கப் பிராக்கெட் சேசிஸிலிருந்து கிழிந்திருக்கலாம். டார்ச் அடித்துப் பிராக்கெட்டின் வேரில் மயிரிழை விரிசல் தேடுங்கள். டிஃபரென்ஷியலை இறக்கி, விரிசலை வெல்டு செய்து, மேலே தகடு வைத்து வலுப்படுத்துவதுதான் தீர்வு. வெறுமனே விரிசல் மேல் வெல்டிங் ஓட்டியிருந்தால் மறுபடி கிழியும்.

பின்சக்கரத்தைத் தாங்கும் கைகள் அலுமினியம். அவற்றில் ஏறும் எஃகு ஸ்டட்கள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வருவது சகஜம், மரை இன்சர்ட் போட்டால் முன்பைவிட உறுதி. வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்பக்கம் சட்டென்று ஒரு துள்ளு துள்ளினால், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ்ஷாஃப்டின் நழுவும் பல்லிணைப்பு (ஸ்ப்ளைன்) இறுகியிருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் செலவுதான், பயப்பட ஒன்றுமில்லை. சேசிஸ் துரு அப்படியல்ல. பின் சஸ்பென்ஷன் குறுக்குச்சட்டம் சேரும் இடத்தில் மேலும் கீழும் தகடு மூடிய பெட்டி இருக்கிறது, ஈரம் உள்ளே தங்கி உள்ளிருந்தே அரிக்கும். சுத்தியலால் தட்டினால் 'டங்' என்று வர வேண்டும், 'பொத்' என்றால் உடலைச் சேசிஸிலிருந்து தூக்கும் அளவு வேலை.

லூகாஸ் இன்ஜெக்ஷனைப் பற்றி ஊரில் சொல்லும் பாதிக் கதை பம்பைப் பற்றியது. 100 பி.எஸ்.ஐக்கு மேல் அழுத்தம் கொடுக்க வேண்டிய பம்ப் டிக்கியில் இருக்கிறது, வெயிலில், டாங்க்கில் பெட்ரோல் குறைந்த நேரத்தில் சூடேறித் திணறும். பலர் போஷ் பம்புக்கு மாறிவிட்டார்கள், அப்படி மாற்றிய காருக்குச் சற்றுக் கூடக் கொடுக்கலாம். 2021-லிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. ரப்பர் குழாய்கள் எத்தனாலைத் தாங்கும் ரகமா என்று பாருங்கள். அவ்வளவு அழுத்தத்தில் வெடிக்கும் குழாய் சொட்டாது, பீய்ச்சும்.

இனி விற்கும் பக்கம். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற பெட்டிச் சட்டம்தான் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுத்தகடு, கீழே காஸில் ரெயில் மூன்றும் சேர்ந்ததுதான் சில். அழுகியதன் மேல் புதுத் தகட்டைப் போர்த்தி வர்ணம் அடித்த கார்கள் ஏராளம். விவரம் தெரிந்த வாங்குபவர் ஜாக்கியில் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுவார். இடைவெளி சுருங்கி கதவு உரசினால் அங்கேயே விலை சரியும். அந்தச் சோதனையை விளம்பரம் போடுமுன் நீங்களே செய்யுங்கள். சில் வேலை செய்த ரசீதும், முன் விங்கைக் கழற்றியிருந்தபோது எடுத்த படங்களும் இருந்தால் புது வர்ணத்தைவிட அவைதான் பேசும்.

நாற்பது வருடம் தாண்டிய கார்களுக்கு எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை பிரிட்டனில் கட்டாயமில்லை என்பதால், பல டிஆர்6-கள் வருடக்கணக்கில் யாரும் அடியில் பார்க்காமலே விற்பனைக்கு வருகின்றன. பழைய எம்ஓடி வரலாறு இணையத்தில் இலவசம். அதில் மைலேஜையும் துரு பற்றிய குறிப்புகளையும் படித்துவிட்டு, புதிதாக ஒரு எம்ஓடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் கிளட்சை மிதிக்கக்கூட உட்கார வேண்டாம்.