தகிட தகிட தக: நியூ ஆர்லியன்ஸ் முதல் மெம்பிஸ் வரை

சின்ன வயதில் நான்கு வருடம் மிருதங்கம் படித்துவிட்டுப் பாதியில் விட்டவன் நான். வாசிப்பு போய்விட்டது, தொடையில் தாளம் போடும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஹூஸ்டனில் இருக்கும் அண்ணனுக்கு இந்தப் பழக்கத்தைக் கண்டாலே ஆகாது. "கையை வச்சுக்கிட்டு சும்மா இருடா" என்பார். அவரோடுதான், கறுப்பர் இசையின் தாளத்தைத் தேடி, அமெரிக்காவின் தெற்கில் ஆறு நாள் காரில் போய்வந்தேன்.

அக்டோபர் கடைசி. சனிக்கிழமை ஐந்தரை மணி நேரம் ஓட்டி நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் மதியம் ட்ரெமே பகுதியில் ஒரு தெருமுனையில் காத்திருந்தோம். சத்தம் முதலில் செருப்பு வழியாக வந்தது, பிறகுதான் காதுக்கு எட்டியது. உடம்பைச் சுற்றிக்கொண்டு தலைக்கு மேல் வாயைப் பிளந்து நிற்கும் சூசபோன் என்ற பித்தளைக் குழாய், அதன் பின்னால் டிராம்போன்கள், டிரம்பெட்கள், ஒருவர் தோளில் பெரிய டிரம், இன்னொருவர் இடுப்பில் சின்ன டிரம்.

இந்த ஊர்வலத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பெயர். இதை நடத்தி முன்னால் ஆடிப்போகிற மன்றத்தாரும் பேண்டும் முதல் வரிசை. தெருவில் நின்றுவிட்டுப் பின்னால் சேர்ந்துகொள்கிற சனம் இரண்டாவது வரிசை. மன்றத்தார் அன்று ஆரஞ்சு நிற சூட், அதே நிறத்தில் தொப்பி, ஷூ, இறகு வைத்த விசிறி என்று ஜொலித்தார்கள். கோடைக்காலம் தவிர அநேகமாக எல்லா ஞாயிறும் ஏதாவது ஒரு மன்றம் இப்படி இறங்கும்.

வேடிக்கைக்காகத் தொடங்கிய மன்றங்கள் இல்லை இவை. கறுப்பர்களுக்குக் காப்பீடு தர நிறுவனங்கள் மறுத்த காலத்தில், மாதாமாதம் சந்தா பிடித்து, உறுப்பினருக்கு நோய் வந்தால் டாக்டர் செலவையும் செத்தால் அடக்கச் செலவையும் ஏற்றுக்கொண்ட சங்கங்கள். நம் ஊர்ச் சீட்டுப் பிடிப்பதுபோல என்று அண்ணனுக்குச் சொன்னேன். "சீட்டுக்கு யாரு பேண்டு வைக்கிறா?" என்றார். உறுப்பினர் இறந்தால் கல்லறைவரை மெதுவான துதிப்பாடல், உடலை ஒப்படைத்த பிறகு திரும்பும் வழியில் ஆட்டம். அந்த ஆட்டம்தான் ஒவ்வொரு மன்றத்துக்கும் வருடத்தில் ஒரு ஞாயிறு, சாவு இல்லாமலேயே, தெருவுக்கு வருகிறது.

பெரிய டிரம் அடித்தவரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு மைல் நடந்தேன். டிரம்மின் தலையில் சிம்பல் என்ற சின்னப் பித்தளைத் தட்டு திருகியிருந்தது. வலது கையில் கொட்டுக்கோல், இடது கையில்... ஸ்க்ரூடிரைவர். அதைக் கொண்டுதான் சிம்பலைத் தட்டுகிறார். சிலர் துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை வளைத்து வைத்துக்கொள்வார்களாம். சிம்பல் 'டிங்' என்றதும் டிரம் விழும் இடத்தை என் தொடை கண்டுபிடித்துவிட்டது. எட்டு எண்ணிக்கை, மூன்றும் மூன்றும் இரண்டுமாக உடைகிறது. தகிட தகிட தக. தகிட தகிட தக.

அண்ணன் அதற்குள் ஒரு பிக்கப் வண்டியின் பின்னாலிருந்து புகை வந்த திசையில் கோழிக்கால் வாங்கப் போய்விட்டார்.

சாயங்காலம் காங்கோ சதுக்கம் போனோம். ட்ரெமேயை ஒட்டி, ஜாஸ் டிரம்பெட்காரர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பெயரில் இருக்கும் பூங்காவுக்குள் ஒரு மூலை. ஓக் மரங்கள், வட்ட வட்டமாகப் பாவிய கற்கள். பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் கறுப்பு இசையைப் பற்றிப் பேசும் யாரும் இந்த மூலையைத் தாண்டிப் போக முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் 1724இல் வந்த சட்டம், ஞாயிறன்று அடிமைகளை வேலை வாங்கக் கூடாது என்றது. ஓய்வு நாளில் அவர்கள் சந்தை போட்டார்கள், ஆடினார்கள். 1817இல் நகர நிர்வாகம், கூடுவதென்றால் ஓரிடத்தில் மட்டும் கூடுங்கள் என்று கட்டுப்படுத்தியது. அந்த ஓரிடம் இதுதான். 1819இல் பெஞ்சமின் லட்ரோப் என்ற கட்டடக் கலைஞர் இங்கே ஐந்நூறு அறுநூறு பேர் வட்டம் வட்டமாக ஆடுவதைப் பார்த்து, டிரம்களையும் சுரைக்குடுக்கையில் செய்த ஒரு நரம்புக் கருவியையும் படம் வரைந்து வைத்தார். பாஞ்சோவின் மூதாதையர் வகை அது.

இதற்கு நேர் எதிர்க்கதை தெற்குக் கரோலினாவில் நடந்தது. 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் டிரம் அடித்துக்கொண்டு கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருடமே ஆங்கிலேயக் குடியேற்றத்தின் சட்டம் டிரம்மையும் கொம்பையும் தடைசெய்தது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் ராத்திரி எனக்குத் தேவைப்பட்டது.

அப்புறம் 1809. ஹெய்ட்டிப் புரட்சிக்குத் தப்பிக் கியூபாவில் குடியேறியிருந்தவர்களை, நெப்போலியன் ஸ்பெயினுக்குள் நுழைந்த கோபத்தில், ஸ்பானிய அரசு வெளியேற்றியது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நியூ ஆர்லியன்ஸில் வந்து இறங்கினார்கள். வெள்ளையர், சுதந்திரமான கறுப்பர், அடிமைகள் என்று மூன்றும் கலந்த கூட்டம். ஊரின் சனத்தொகை ஏறக்குறைய இரட்டிப்பானது. கரீபியத் தீவுகளின் தாளம் கப்பலேறி வந்ததென்றால் இப்படித்தான். பியானோக்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டன் 1938இல் தன் கதையைப் பதிவு செய்தபோது, அந்த ஸ்பானிய வாடை இல்லாவிட்டால் ஜாஸுக்கு ருசியே இல்லை என்கிற அர்த்தத்தில் சொன்னார். அவர் இடது கை வாசித்துக் காட்டியதும் நம்முடைய தகிட தகிட தகதான்.

பிற்பாடு அதே தாளத்தை நியூ ஆர்லியன்ஸ் தயாரிப்பாளர் டேவ் பார்த்தலமியூ, ரிதம் அண்ட் புளூஸ் என்ற ஆட்டப் பாட்டுகளின் பேஸில், அதாவது கீழ்ச் சுருதியில், போட்டார். அவர் தயாரித்த ஃபேட்ஸ் டாமினோவின் பாட்டுகளை ராத்திரி வானொலியில் ஜமைக்காவில் கேட்டவர்கள், அதைத் தங்கள் கையால் புரட்டிப்போட்டு 'ஸ்கா' ஆக்கினார்கள். அதே ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த டி.ஜே. கூல் ஹெர்க் நியூயார்க் பிராங்க்ஸில் 1973 ஆகஸ்ட் 11 அன்று தங்கையின் விருந்துக்கு ரெகார்ட் போட்டதிலிருந்து ஹிப்ஹாப் கதை தொடங்குகிறது. போனது திரும்பி வருகிறது, வந்தது வேறு வழியாகப் போகிறது. இதை ஒரு மரம், வேர், கிளை என்று படம் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பல திசையிலும் கம்பி போய்வருகிற தொலைபேசிக் கம்பம் மாதிரி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சதுக்கத்தில் ஞாயிறு மாலை டிரம் வட்டம் கூடியிருந்தது. ஒரு அம்மா என் கையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இடம் விட்டார். ஐந்து நிமிடம் வாசித்தேன். விரலால் வாசிக்கிற பழக்கத்துக்கு அந்தத் தோல் பதில் சொல்லவில்லை, உள்ளங்கை கேட்டது.

திங்கட்கிழமை வடக்கே மிசிசிப்பி டெல்டா. காவிரி டெல்டா மாதிரி கழிமுகம் என்று நினைத்துக்கொண்டு போனேன். கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மிசிசிப்பி, யாஸூ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் வண்டல் சமவெளி. பஞ்சு எடுத்து முடித்த சமயம். வயல் ஓரத்தில் லாரி அளவுக்குப் பஞ்சுப் பொதிகள், ரோட்டோரப் புல்லில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கிடந்தது. டட்வைலர் பக்கம் போனதும் ஃபோனில் சிக்னல் போய்விட்டது. அண்ணன் முணுமுணுத்தார்.

டட்வைலர் ரயில் நிலையம் இப்போது இல்லை. 1903 வாக்கில் ரயிலுக்காகக் காத்திருந்த டபிள்யூ. சி. ஹாண்டி என்ற பேண்ட் மாஸ்டர், கிழிந்த சட்டையோடு ஒருவர் கிட்டார் நரம்பில் கத்தியை அழுத்தித் தேய்த்துப் பாடியதைக் கேட்ட இடம். புளூஸ் என்ற கறுப்பர் பாட்டு வகையின் எழுதிவைக்கப்பட்ட கதை அநேகமாக இங்கே தொடங்குகிறது. பாடியவர் பெயரை யாரும் கேட்டு வைக்கவில்லை.

ஊருக்கு வெளியே, களை மண்டிய இடத்தில், சன்னி பாய் வில்லியம்சன் என்ற பெயரில் இருந்த இருவரில் இரண்டாமவரின் கல்லறை. 1965இல் இறந்த ஹார்மோனிகாக்காரர். கல்லின் மேல் வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன ஹார்மோனிகாக்கள், துருப்பிடித்து, சிலவற்றில் எறும்பு. ஒன்றை எடுத்து ஊதிப் பார்க்கலாமா என்று கை நீண்டது. "சாமி படையலைத் தொடாதே" என்றார் அண்ணன். அவர் சாமி கும்பிடாதவர்.

கிளார்க்ஸ்டேலில் 61ஆம் நெடுஞ்சாலையும் 49ஆம் சாலையும் சந்திக்கும் முக்கில் கம்பத்தில் கிட்டார் மாட்டிவைத்திருக்கிறார்கள். புளூஸ் கிட்டார்க்காரர் ராபர்ட் ஜான்சன் நடுராத்திரியில் சாத்தானுக்கு ஆத்மாவை விற்று வித்தை வாங்கிய இடம் என்பது கதை. எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். எனக்கு அந்தக் கதை மேல் கோபம் உண்டு. ஐக் ஜிம்மர்மேன் என்ற வாத்தியாரிடம் அவர் மாதக்கணக்கில் கிடந்து சாதகம் செய்தார். ஊரார் தூக்கத்தைக் கெடுக்காமலிருக்க ராத்திரியில் இடுகாட்டில் உட்கார்ந்து வாசித்தார்களாம். கறுப்புப் பையன் நன்றாக வாசித்தால் உழைப்பு காரணமாக இருக்க முடியாது, பிசாசாகத்தான் இருக்க வேண்டும்! 1936, 37இல் 29 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு, 27 வயதில் செத்துப்போனார். மூன்று இடங்களில் அவருக்குக் கல்லறைக் கல் இருக்கிறது.

டெல்டாவில் நான் தேடிய தாளம் கிடைக்கவில்லை. கட்டைவிரல் பேஸ் நரம்பில் நேராக நடக்கிறது, தகிட எங்கேயும் இல்லை. டிரம்மே அபூர்வம். அன்று ராத்திரிதான் ஸ்டோனோ ஞாபகம் வந்தது. டெல்டாக் காடுகளை வெட்டி வயலாக்க வந்த கறுப்பர்களில் பெரும்பாலோர், டிரம்மைக் கண்டு பயந்த ஆங்கிலேயர் ஆண்டிருந்த கிழக்குப் பகுதிகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். கையில் டிரம் இல்லை. தொண்டை இருந்தது, கால் இருந்தது, சுவர் இருந்தது.

சுவர் என்று சும்மா சொல்லவில்லை. மறுநாள் காலை நாங்கள் தங்கிய வீட்டின் பின்பக்கம் ஒரு பெரியவர் எனக்குக் காட்டினார். மரச்சுவரில் மேலும் கீழுமாக இரண்டு ஆணி. இடையில் ஒரே ஒரு கம்பி. துடைப்பத்தின் தலையைச் சுற்றிக் கட்டியிருக்குமே, அந்தக் கம்பி. இரண்டு முனையிலும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாட்டிலைச் சுவருக்கும் கம்பிக்கும் நடுவே செருகி முறுக்கேற்றினார். வலது கையால் கம்பியைத் தட்டிக்கொண்டே இடது கையில் இன்னொரு பாட்டிலைக் கம்பி மேல் வழுக்கினார். வீடே முனகியது. சுவர்தான் குடம். உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன், "என்னடா சத்தம்?" என்று நுரையோடு வெளியே வந்துவிட்டார்.

இதன் பெயர் டிட்லி போ. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் சிறுவர்கள் வாசிக்கும் ஒற்றைத் தந்திக் கருவிகளின் வாரிசு என்கிறார்கள். கிட்டார் வாங்க வக்கில்லாத பிள்ளைகள் இதில்தான் விரல் பழகினார்கள். பிறகு தபாலில் வரும் மலிவுக் கிட்டார் கைக்கு வந்தபோதும் அதைச் சுவர்க் கம்பி மாதிரியே வழுக்கி வாசித்தார்கள். இந்தப் பக்கத்துக்காரரான ஜான் லீ ஹூக்கர் ஒரே சுருதியில் நின்று வாசிப்பதைக் கேட்ட மாலி நாட்டு அலி ஃபர்கா தூரே, இது எங்கள் ஊர்ச் சங்கதி அல்லவா என்று அசந்துபோனாராம். என்னையும் ஒரு தடவை வாசிக்கச் சொன்னார் பெரியவர். விரல் நுனி கிழிந்தது.

கிளார்க்ஸ்டேலில் இருக்கும் டெல்டா புளூஸ் மியூசியத்தில் புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் வாழ்ந்த குடிசையையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஸ்டோவால் பண்ணையின் குடிசை, அவருக்குச் சொந்தமில்லை. 1941இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் அங்கே வந்து அவர் பாடியதைப் பதிவு செய்தார்கள். லோமாக்ஸ் பெயர் எல்லார் வாயிலும் வருகிறது, கறுப்பரான வொர்க் பெயர் வருவதில்லை. தன் குரலைத் தானே கேட்ட மடி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். அங்கே மதுக்கடை இரைச்சலில் சாதாரணக் கிட்டார் எடுபடாமல் கரண்ட் கொடுத்தார். மீதியை ராக் இசைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான பில்லி கிப்பன்ஸ் இந்தக் குடிசையின் ஒரு பலகையிலிருந்து கிட்டாரே செய்துவிட்டார். சுவரில் வாசித்ததுபோய்ச் சுவரை வாசித்தார்கள்.

அங்கிருந்து மெம்பிஸ் ஒன்றரை மணி நேரம். எல்விஸ் மாளிகையைப் பார்க்கலாம் என்று அண்ணன் ஆசைப்பட்டார், நான் விடவில்லை. மெக்லெமோர் அவென்யூவில் இருக்கிறது ஸ்டாக்ஸ் என்ற பாட்டுக் கம்பெனியின் மியூசியம். பழைய சினிமாக் கொட்டகையைப் பாட்டுப் பதிவுக்கூடமாக மாற்றியவர்கள் ஜிம் ஸ்டுவர்ட், அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற இரண்டு வெள்ளையர்கள். மிட்டாய் விற்ற கவுண்டரை அக்கா ரெகார்டுக் கடையாக்கி, தெருப் பிள்ளைகள் எதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று கவனித்துத் தம்பிக்குச் சொன்னார். அசல் கட்டடத்தை 1989இல் இடித்துவிட்டார்கள். இப்போதிருப்பது அதே அளவில் திரும்பக் கட்டியது, கொட்டகைக்கு இருந்த தரைச் சரிவுகூட உண்டு. நடந்தால் கால் தானாக இறங்குகிறது.

இங்கேதான் அண்ணன் மாட்டிக்கொண்டார். 1965இல் பாடகர் வில்சன் பிக்கெட்டின் ஒரு பாட்டுப் பதிவில், தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்து, பிள்ளைகள் இப்போது இப்படி ஆடுகிறார்கள் என்று தானே ஆடிக்காட்டினார். அதைப் பார்த்த டிரம்மர் அல் ஜாக்சனும் கிட்டார்க்காரர் ஸ்டீவ் க்ராப்பரும் இரண்டாவது, நான்காவது அடியை ஒரு இம்மி தள்ளிப் போட்டார்கள். என் மிருதங்க வாத்தியார் கேட்டிருந்தால் காலப்பிரமாணம் நழுவுகிறது என்று தலையில் குட்டியிருப்பார். அந்த நழுவல்தான் மெம்பிஸ் ருசி. மியூசியத்தில் அந்தப் பாட்டு ஓடியபோது நான் கைதட்டினேன், ஒவ்வொரு தடவையும் முந்திவிட்டேன். அண்ணன் பேசாமல் இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாவது தடவை சரியாகத் தட்டினார். எண்ணத் தெரியாதவருக்குக் காத்திருக்கத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பாட்டு எழுதப்பட்ட லொரேன் மோட்டல் கொஞ்ச தூரத்தில்தான். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் உட்கார்ந்து பாட்டெழுத முடிந்த சில இடங்களில் ஒன்று. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டது அதன் மாடிப் பால்கனியில். கீழே பழைய கார்கள் இரண்டு நிறுத்தியிருக்கிறார்கள், மேலே 306ஆம் எண் அறை வாசலில் ஒரு மலர்வளையம். அரை மணி நேரம் நின்றோம். தொடையில் கை போகவில்லை.

கிளம்பும்போது கிளார்க்ஸ்டேல் பெரியவர் ஒரு முழம் துடைப்பக் கம்பியும், கழுத்து வெட்டி ஓரம் தேய்த்த பாட்டில் துண்டும் கொடுத்திருந்தார். இரண்டும் சென்னை வந்து சேர்ந்துவிட்டன. நல்ல மரக்கதவாக ஒன்று வீட்டில் இருக்கிறது, பின்பக்கம். ஆனால் இது வாடகை வீடு. சுவரிலோ கதவிலோ ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார். கம்பி சமையலறை டிராயரில் கிடக்கிறது.