கம்பிய ஏன் அவுத்தீங்கன்னு கேட்டு வந்த ஆளு

2022ல சமையல் கேஸ் இல்லாம நாடே அல்லாடுன நேரம் ஞாபகம் இருக்கும்ல. கொழும்புல சிலிண்டர வரிசையில வச்சிட்டு ரோட்டுலயே படுத்து கெடந்தாங்க. எங்க தோட்டத்துல, மஸ்கெலியா பக்கம், அது அவ்வளவு பெரிய விஷயமா தெரியல, பாதி வீட்ல எப்பவுமே வெறகு அடுப்பு தான். ஆனா கேஸுக்கு பழகிட்ட மத்த பாதியும் ஒரே நேரத்துல கத்திய எடுத்துட்டு காட்டுக்கு ஏறுனா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்திச்சி. நானும் கொழும்புல வேலய விட்டுட்டு வந்து வீட்ல இருந்தேன், அம்மாவோட நானும் ஏறுனேன்.

போற வழியிலயே அம்மா கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. கட்டி வச்ச வெறகு கட்ட தொடக்கூடாது, அது மூணு நாள் கெடந்தாலும் கட்டுனவனோடது. ஒருத்தர் ஒரு விழுந்த மரத்துல வெட்டிட்டு இருந்தா நீ அடுத்த மரத்துக்கு போ, கூட நின்னு வெட்டாத. தேங்கூட்ட பாத்துட்டு மரத்துல ஒரு வெட்டு போட்டு அடையாளம் வச்சிருந்தா அது அவனுக்கு. எங்கயும் எழுதி வச்சதில்ல, ஆனா மீறுனா லயம், அதான் எங்க லைன் வீடுக, முழுக்க பேசும்.

எங்க அம்மாவோட அண்ணன், மாமா, இந்த விஷயத்துல பெரிய ஆளு. சின்ன வயசுல நாய் கூட்டிட்டு ஈட்டியோட பன்னி வேட்டைக்கு போன கோஷ்டி. துவக்கு எல்லாம் கெடையாது. தேயில முடிஞ்சி காடு தொடங்குற எடத்துல ஒரு மரம் இருக்கு, அதுல ஒரு கொப்ப ஒடிச்சி தொங்க விட்டுட்டு தான் உள்ள போவாங்களாம். சிங்கள ஆளுகளும் காட்டுக்குள்ள போறப்போ அப்படி செய்வாங்க, காட்டு தெய்வத்துக்கு. நாங்க முனியாண்டிக்குன்னு செய்றோம், சாமி எதுவா இருந்தாலும் கொப்பு ஒன்னுதான். ஆனா மாமா சொன்னது வேற கணக்கு. எல பச்சையா இருந்தா இன்னைக்கி காலையில யாரோ உள்ள போயிருக்கான், வாடி இருந்தா நேத்து, காஞ்சி இருந்தா பயமில்லாம போ. பச்ச கொப்பு இருந்தா நீ உன் நாய இழுத்துட்டு அடுத்த கான், அதான் தண்ணி ஓடுற வாய்க்கா, வழியா சுத்தி போகணும். அவனோட நாயும் உன் நாயும் ஒரே பன்னிய வெரட்டுனா கடைசில ஈட்டி பன்னி மேல படுதா மனுசன் மேல படுதான்னு யாருக்கு தெரியும்.

இத நான் கனடால இருக்க மச்சான்கிட்ட போன்ல சொன்னேன். அவனுக்கு ஒன்டாரியோல வேட்டைக்கு போற ஒரு வெள்ளக்கார கூட்டாளி இருக்கானாம். அங்க அரசாங்க காட்ட கிரவுன் லேண்ட்னு தான் சொல்லுவாங்களாம், மான் சீசன்ல துவக்கோட போறவன் தூரத்துல தெரியுற மாதிரி ஆரஞ்சு கலர் போட்டே ஆகணும்னு சட்டம். மத்தது எல்லாம் சட்டத்துல இல்லாத பழக்கம். கேட் பக்கத்துல ஒரு டிரக் நின்னா உள்ள ஆள் இருக்கான்னு அர்த்தம், ரெண்டாவதா வந்தவன் வேற எடத்துக்கு ஓட்டிட்டு போயிடுவானாம். டிரக்கா கொப்பான்றது தான் வித்தியாசம்னு சிரிச்சோம்.

கிரவுன் லேண்ட்னா நம்மளுக்கும் புதுசில்ல. 1840ல வெள்ளக்காரன் ஒரு சட்டம் போட்டு, காணி உறுதி காட்ட முடியாத காடு, காட்ட எரிச்சி பயிர் போடுற சேனை எல்லாம் ராணியோட நிலம்னு சொல்லிட்டான். கண்டி பக்க சிங்கள கிராமத்து ஆளுக பரம்பரையா பொழங்குன காடு அது. அதுல தான் கோப்பி போட்டாங்க, அந்த கோப்பிக்கு தான் நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் நடந்து வந்தாங்க. எல்லாருக்கும் பொதுவா இருந்த காட்ட புடுங்கிட்டு அவங்களே வேட்டையும் ஆடுனாங்க. நுவரெலியால சாமுவேல் பேக்கர்னு ஒரு வெள்ளக்காரரு நாய்க்கூட்டத்த விட்டு மரைய வெரட்டி கத்தியால குத்துவாரு, அதுக்கு அவங்க வச்ச பேரு எல்க், எல்க் பிளேன்ஸ்னு எடத்துக்கே பேர் இருக்கு. மேஜர் ரோஜர்ஸ்னு ஒருத்தர் ஆயிரத்துக்கு மேல யான சுட்டவரு, 1845ல ஹப்புத்தளையில மின்னல் அடிச்சி செத்தாரு. மாமாகிட்ட இந்த கதைய சொன்னப்போ "கொப்பு கட்டாம போயிருப்பான்"னு ஒரே வார்த்த தான் சொன்னாரு.

பன்னி விழுந்தா கூறு போடுறதுலயும் கணக்கு இருந்திச்சாம். மொத ஈட்டி எறக்குனவனுக்கு தலையும் ஒரு தொடையும். நாய்க்கு தனி கூறு, அது நாய்க்காரன் கணக்குல சேராது. சத்தம் கேட்டு சும்மா வந்து நின்னவனுக்கும் வாழ எலையில ஒரு புடி உண்டு, அவன் வெறகுக்கு வந்தவனா இருந்தாலும் சரி. புள்ளத்தாச்சி இருக்க வீட்டுக்கு ஈரல் போகும். விக்கிறதுங்குற பேச்சே இல்லையாம், அத மட்டும் நான் முழுசா நம்பல. மாமா தவறணைக்கு குடிக்க போக காசு எங்க இருந்து வந்திச்சின்னு அம்மாவுக்கே டவுட்டு.

சரி, அன்னைக்கி நடந்தத சொல்றேன். நாங்க மேல ஏறி ஒரு அரை மணித்தியாலம் இருக்கும், எங்க நாய் மணி முன்னால ஓடிட்டே இருந்தவன் திடீர்னு ஒரு கத்து கத்துனான் பாருங்க, எனக்கு இப்ப நெனச்சாலும் வயித்த பெசையுது. மோட்டர் பைக் பிரேக் கேபிள்ல போட்ட சுருக்கு, இடுப்புல மாட்டிருச்சி, துள்ள துள்ள இன்னும் இறுகுது. அம்மா அவங்க சாக்க அவன் தலையில போட்டு அமுக்கி புடிச்சிட்டாங்க, நான் கம்பிய முறுக்கி முறுக்கி எப்படியோ அவுத்தேன், ரெண்டு வெரல்ல இன்னும் தழும்பு இருக்கு. அந்த ஒத்தையடி பாதையில தான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால ரெண்டு சின்ன பொடியனுக சுள்ளி பொறுக்கிட்டு எறங்கி போனானுக.

சுருக்குக்கு பன்னின்னும் நாய்னும் தெரியாது. 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் கருஞ்சிறுத்த ஒன்னு இப்படி தான் மாட்டிச்சி, கழுத்துல கம்பி. இலங்கையில ரொம்ப அபூர்வமா கண்ணுல படுற மிருகம் அது. உசுரோட மீட்டு உடவளவைக்கு வைத்தியம் பாக்க கொண்டு போயும் மூணு நாள்ல செத்திருச்சி. தேயில மலையில சிறுத்த, நாங்க புலின்னு தான் சொல்லுவோம், மாட்டுறது நெறைய நேரம் பன்னிக்கு வச்ச கம்பியில தான்னு எங்க ஆளுக எல்லாருக்கும் தெரியும், ஆனா வாய தொறக்க மாட்டோம், ஏன்னா வச்சது நம்ம சொந்தக்காரனா இருப்பான். ஈட்டிக்காரன் கண்ணால பாத்து குத்துறான், கம்பி இழுபட்டா தானா வெடிக்கிற கட்டுத்துவக்கும் சுருக்கும் வச்சவன் வீட்ல தூங்குறான்.

அன்னைக்கி ராத்திரி கீழ லயத்துல இருந்து ஒரு ஆளு வந்தாரு. பேரு வேணாம். வந்தவரு மணிய பாக்கல, என் வெரல்ல இருந்த கட்ட பாக்கல, நேரா மாமாகிட்ட போனாரு.

"அண்ணே, என் கம்பிய ஏன் அவுத்தீங்க? அடுத்தவன் கண்ணிய தொடக்கூடாதுன்னு ஒங்களுக்கு தெரியாததா?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஆனா மாமா பீடிய அணைச்சிட்டு அமைதியா சொன்னாரு, "தெரியும்யா. கண்ணி வச்சா ஊருக்கு சொல்லணும்னும் தெரியும். நீ யார்கிட்ட சொன்ன?"

"சொன்னா பன்னிக்கும் கேட்டுருமேண்ணே" ன்னாரு அவரு. பகிடியா சொன்னாரா சீரியஸா சொன்னாரான்னு இன்னும் எனக்கு வெளங்கல.

அவர மட்டும் குத்தம் சொல்லவும் முடியல, அது தான் கரச்சல். அவரு லயத்துக்கு பின்னால கொஞ்சம் உருளக்கெழங்கும் லீக்ஸும் போட்டிருந்தாரு. 2021ல ரசாயன உரத்த தடை பண்ணி, பொறகு தடைய எடுத்தும் உரம் வெல ஏறி கெடந்த நேரம், கடன் வாங்கி போட்ட கெழங்க பன்னி ஒரே ராத்திரில கெளறி போட்டுருச்சி. ஈட்டி கோஷ்டி இப்ப இல்ல, எல்லா பொடியனுகளும் கொழும்புல கடையில நிக்கிறானுக, காவலுக்கு ராத்திரி முழுக்க குந்த ஆள் இல்ல. கேபிள் வாங்க பெருசா காசு வேணாம். ஒத்த ஆளுக்கு கம்பி தான் வசதின்னு நானே அவரு எடத்துல இருந்தா யோசிச்சிருப்பேனோ என்னவோ. ஆனா பொடியனுக நடக்குற பாதையில வைக்கிறத எந்த கணக்குலயும் சேக்க முடியாது.

மாமா கடைசியா ஒன்னு கேட்டாரு. வைக்கிறதா இருந்தா தோட்டத்து வேலிக்கு உள்ள வையி, பாதைக்கு வராத, வச்ச எடத்துல வெள்ள துணி ஒன்னு கட்டு, விடியக்காலம் நீயே போய் பாரு. சட்டப்படி அதுவும் தப்பு தான், மாமாவுக்கு சட்டம் எல்லாம் பெருசில்ல. நான் மட்டும் இனி புலி மாட்டுனா வனஜீவி ஆபீசோட 1992 நம்பருக்கு கோல் எடுப்பேன்னு சொன்னேன். வந்த ஆளு என்னைய ஒரு பார்வ பாத்தாரு, பதில் சொல்லல, பிளேன்டி குடிச்சிட்டு போயிட்டாரு.

ஒரு கெழமைக்கு பொறகு பாதை ஓரத்துல ரெண்டு எடத்துல வெள்ள துணி தொங்குச்சி. வேலிக்கு உள்ள இல்ல, பாதையிலயே தான். பாதி பேச்ச கேட்டிருக்காரு மனுசன்.

இப்பவும் அம்மா வெறகுக்கு போனா கத்தியோட கம்பி வெட்டுற குறடு ஒன்னும் சாக்குல போட்டுட்டு தான் போறாங்க. துணி இல்லாத சுருக்கு கண்ணுல பட்டா வெட்டிருவாங்க. குறடு அந்த ஆளு வீட்ல எரவல் வாங்குனது, அவரு பொஞ்சாதியே எடுத்து குடுத்தாங்களாம். இன்னும் திருப்பி குடுக்கல.