டெபியன் 4.0-இன் தமிழ் நிறுவி, பழைய திங்க்பேடில்

லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 4.0 ‘எட்ச்’ வெளியீட்டின் வரைகலை நிறுவி, என்னிடமுள்ள ஐபிஎம் திங்க்பேட் டி42 மடிக்கணினியில் ஒருவழியாகத் தமிழில் எழுந்துவிட்டது. மெய்நிகர் கணினியில் இதைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஆனால் அந்தக் காலத்துப் பயோஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்), அந்தக் காலத்துத் திரை, ஐடிஇ என்ற பழைய இணைப்பு கொண்ட வன்தட்டு ஆகியவற்றோடு அது எப்படி நடந்துகொண்டது என்பதைப் பார்க்கவே நான் ஆசைப்பட்டேன்.

எட்ச் 2007 ஏப்ரல் 8 அன்று வெளிவந்தது. அதற்கு முந்தைய ‘சார்ஜ்’ நிறுவி வெறும் எழுத்துத் திரையில் ஓடியது. கொம்பும் காலும் புள்ளியும் சேர்ந்து நிற்க வேண்டிய எழுத்துகளை அந்தத் திரையால் வரைய இயலாது. எட்ச் நிறுவிக்கு ஜிடிகே, டைரக்ட்எஃப்பி ஆகிய இரு வரைகலை நிரலகங்களின் மேல் கட்டிய வரைகலை முகம் ஒன்று கிடைத்தது. நிறுவி பெயர்க்கப்பட்டிருந்த 58 மொழிகளுள் தமிழ், இந்தி, மலையாளம், வங்காளம் போன்றவை அந்த வரைகலை முகத்தில் மட்டுமே தெரிந்தன. ஆகவே எழுத்துத் திரை நிறுவியை ஓட்டி, ‘எட்ச் நிறுவியாயிற்று’ என்று சொல்வதில் எனக்கு மன நிறைவு இல்லை.

பதிவிறக்கம் எளிது. டெபியனின் தட்டுப் படிமக் காப்பகத்தில் பழைய வெளியீடுகள் பதிப்பு வாரியாக இருக்கின்றன. எனக்குத் தேவைப்பட்டது சிறிய நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ (அடிப்படை அமைப்பு மட்டும் உள்ள தட்டுப் படிமக் கோப்பு) மட்டும். முழுத் தட்டுகள் வேண்டுவோர் பல இடங்களில் ஜிக்டோ கோப்பையே காண்பார்கள். அது மென்பொருள் பொதிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தட்டுப் படிமத்தை நம் கணினியிலேயே கோத்துத் தரும், பொறுமை வேண்டும்.

உண்மையான வேலை பென் டிரைவில்தான் தொடங்கியது. என் மடிக்கணினியின் சிடி இயக்கி தட்டுகளைப் படிப்பதில்லை. இன்றைய டெபியன் ஐஎஸ்ஓவை அப்படியே பென் டிரைவில் எழுதினால் அது துவங்கும். அந்தக் கலப்பு வடிவம் 2011இல் வந்த ‘ஸ்குவீஸ்’ வெளியீட்டோடுதான் அறிமுகமானது. எட்ச் ஐஎஸ்ஓவை அப்படி எழுதினால் பயோஸ் அதைத் துவக்க வட்டாகவே மதிக்காது. எனவே எட்ச் காலத்து வழியையே பின்பற்ற வேண்டும். பென் டிரைவில் எஃப்ஏடி16 கோப்பு முறைமை கொண்ட சிறிய பிரிவு ஒன்றை அமைத்து, அதைத் துவக்கப் பிரிவாகக் குறித்து, முதன்மைத் துவக்கப் பகுதியை எழுதி, சிஸ்லினக்ஸ் என்ற துவக்க நிரலை ஏற்ற வேண்டும். பென் டிரைவ் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நான் அதில் 1 ஜிபி மட்டுமே பிரிக்கிறேன். பிறகு நிறுவிக் கோப்பகத்தின் ‘எச்டி-மீடியா’ பகுதியிலிருந்து வரைகலைக்கு உரிய கெர்னலையும் (இயங்குதளத்தின் கரு) இனிட்ஆர்டி கோப்பையும் (துவங்கும்போது நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பு முறைமை) அதில் நகலெடுத்து, அவற்றின் அருகிலேயே ஐஎஸ்ஓவையும் வைக்க வேண்டும். நிறுவி துவங்கியதும் அந்த ஐஎஸ்ஓவைத் தானே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

இதில் கவனம் தவறக் கூடாத இடங்கள் இரண்டு. சிஸ்லினக்ஸ் அமைப்புக் கோப்பில் இனிட்ஆர்டியின் பெயரோடு நிறுத்திவிடக் கூடாது; வரைகலை நிறுவிக்கு வீசா என்ற பொதுத் தரத்தின் திரை அமைப்பையும் ‘விஜிஏ=788’ என்பதையும் அதே வரியில் சேர்க்க வேண்டும். 788 என்பது 800க்கு 600 புள்ளிகள், 16 பிட் நிறம் கொண்ட திரை நிலையைக் குறிக்கிறது. டைரக்ட்எஃப்பி கெர்னலின் சட்டக நினைவகத்தில் நேரடியாக வரைவதால், கெர்னல் எழும்போதே அந்த நிலை அமைந்திருக்க வேண்டும், பின்னால் மாற்றிக்கொள்ள வழியில்லை.

இரண்டாவது இடம் இதைவிட நுட்பமானது. இனிட்ஆர்டியும் ஐஎஸ்ஓவும் ஒரே திருத்தப் பதிப்பைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். எட்சின் முதல் பதிப்பு 2.6.18-4 கெர்னலோடு வந்தது. பிந்தைய திருத்தங்களில் அது 2.6.18-6 ஆயிற்று. இரண்டும் பொருந்தாவிட்டால் நிறுவி அழகாகத் துவங்கி, மொழியைக் கேட்டு, ஐஎஸ்ஓவையும் கண்டுபிடித்த பிறகு, கெர்னல் கூறுகள் இல்லை என்று நின்றுவிடும். பழைய பதிப்பை நிறுவ விரும்புவோர் ஐஎஸ்ஓவின் சரிகாண் தொகையை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) மட்டும் சோதித்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். இந்தப் பொருத்தத்தையும் அதே அக்கறையோடு சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடிப்படை அமைப்பு ஐஎஸ்ஓவிலிருந்தே ஏறியது. அடுத்து நிறுவி பிணையக் களஞ்சியத்தைக் கேட்கும்போது, அது காட்டும் நாடுகளின் பட்டியலால் இன்று பயனில்லை, அந்தக் கண்ணாடித் தளங்களில் (களஞ்சியத்தின் நகலை வைத்திருக்கும் தளங்கள்) எட்ச் இப்போது இல்லை. கையால் உள்ளிடும் வாய்ப்பைத் தேர்ந்து டெபியன் காப்பக முகவரியைத் தர வேண்டும். அந்தக் காப்பகம் இன்றும் சாதாரண எச்டிடிபி வழியாகக் கோப்புகளைத் தருவது பெரும் உதவி. எட்சின் மறையாக்க நிரலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 0.9.8, டிஎல்எஸ் 1.2 என்ற மறையாக்க நெறிமுறையையே அறியாதது. மறையாக்கம் கட்டாயம் என்றிருந்தால் ஒரு பொதிகூட இறங்காது.

பொதிக் களஞ்சியத்தின் கையொப்பச் சரிபார்ப்பை நிலையான வெளியீட்டுக்குக் கொண்டுவந்தது எட்ச்தான். ஆனால் அதனோடு வந்த சாவிகள் காலாவதியாகிவிட்டதால், பொதிகளை ஏற்றும் ஏபிடி கருவி ஒவ்வொரு முறையும் எச்சரித்து, சரிபார்க்காமலே நிறுவலாமா என்று கேட்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைய டெபியனின் சாவிக்கொத்துப் பொதியில், நீக்கப்பட்ட பழைய சாவிகளுக்கென்று தனிக் கோப்பு இருக்கிறது. எட்சின் வெளியீட்டுக் கோப்பையும் அதன் கையொப்பத்தையும் புதிய கணினியில் இறக்கி, அந்தச் சாவிக் கோப்பை வைத்து ஜிபிஜிவி கருவியால் சோதித்தேன். ஜிபிஜிவி சாவியின் காலாவதியைப் பார்ப்பதில்லை, கையொப்பம் பொருந்துகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. இந்த வேலைக்கு அதுவே வேண்டியது. அதன் பிறகு பொதிப் பட்டியலின் சரிகாண் தொகையை அந்த வெளியீட்டுக் கோப்பில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டால், ஏபிடியின் கேள்விக்கு மன அமைதியோடு சரி சொல்லலாம்.

கம்பியில்லாப் பிணையத்தை இப்போதைக்கு விட்டுவிட்டேன். என் கணினியிலுள்ள இன்டெல் 2200பிஜி அட்டைக்கு உரிய ஃபர்ம்வேரை (அட்டைக்குள் ஓடும் மென்பொருள்) தனியாகச் சேர்க்க வேண்டும். ஈதர்நெட் கம்பியைச் செருகினால் உடனே வேலை செய்கிறது. இரைச்சலிடும் வன்தட்டுக்குப் பதிலாக, 44 முள் ஐடிஇ இணைப்பில் பொருந்தும் காம்பேக்ட் ஃபிளாஷ் மாற்றி ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் தேடுவதாக இருக்கிறேன். அதில் போடும் அட்டை, நினைவகத்துக்கு நேரடியாகத் தரவை அனுப்பும் டிஎம்ஏ முறையை ஆதரிக்க வேண்டும். மலிவானது என்று வாங்கினால் வன்தட்டைவிட மெதுவாக ஓடும்.

க்னோம் 2.14 மேசைத்தளம் இன்னும் ஏறவில்லை. தமிழ் எழுத்துருப் பொதியோடு அதை இந்த வாரம் ஏற்றிவிட்டு, எஸ்சிஐஎம் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ் உள்ளீட்டை முயல்வேன். கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றப் பென் டிரைவையே பயன்படுத்துவேன், ஏனெனில் கணினிகளை மறையாக்கத்தோடு இணைக்கும் எஸ்எஸ்எச் நிரலின் எட்ச் பதிப்பு பேசும் பழைய முறைகளை இன்றைய எஸ்எஸ்எச் இயல்பாக ஏற்பதில்லை.