டிராமில் மூன்று ஸ்டாப், டாக்ஸியில் ஒரு நாள் சாப்பாட்டுக் காசு

இஸ்தான்புல்லில் இனி டாக்ஸியே ஏறப்போவதில்லை. அக்ஸராயிலிருந்து செம்பர்லிதாஷுக்கு டிராமில் மூன்றே ஸ்டாப். மழை தூறியதால் சோம்பேறித்தனம். டிரைவர் கடற்கரையெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, நான் நீட்டிய 200 லிரா நோட்டைக் கண்மூடித் திறப்பதற்குள் 20 ஆக்கிவிட்டு, "இதுதானே கொடுத்தீர்கள்?" என்றார். மறுபடி 200 அழுதேன்.

இத்தனையும் ஒரு கல்லறையைப் பார்க்க. அதில் உறங்கும் மெஹ்மத் ஃபுவாத் கொப்ருலு துருக்கிய வரலாற்றறிஞர், சட்டப் படிப்பைப் பாதியில் விட்ட மனிதர். 1913ல், 23 வயதிலேயே பல்கலைக்கழகப் பேராசிரியர். துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் சூஃபி கவிஞர்களைத் தேடித் தேடி எழுதினார், 1924ல் துருக்கியியல் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். இப்படிப்பட்டவருக்கு அரசியல் எதற்கு என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் 1935ல் கார்ஸ் தொகுதியின் எம்.பி. ஆகிவிட்டார். 1945 ஜூனில் சக எம்.பி.க்களான பயார், மெண்டரஸ் (பின்னாளில் பிரதமர்), கொரால்தான் ஆகியோருடன் சேர்ந்து, ஜனநாயகம் வேண்டும் என்று அப்போது ஆண்டுகொண்டிருந்த சொந்தக் கட்சிக்கே மனு கொடுத்தார். பத்துப் பதினைந்து பேர் கூட இல்லை, நாலே பேர்! கட்சி அவரை வெளியே தள்ளியது. 1946ல் நால்வரும் ஜனநாயகக் கட்சி தொடங்கினார்கள், 1950ல் ஆட்சியையே பிடித்தார்கள். பேராசிரியர் வெளியுறவு அமைச்சர். துருக்கி நேட்டோவில் சேர்ந்தது அவர் காலத்தில்தான்.

அப்புறம் மெண்டரஸோடு ஒத்துப்போகாமல் 1957ல் கட்சியை விட்டு விலகினார். 1960 ராணுவப் புரட்சிக்குப் பின் இவரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள், விடுதலையானார். மெண்டரஸைத் தூக்கிலிட்டார்கள். இவர் 1966ல் இறந்தார்.

கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். நனைந்த பளிங்குக் கற்கள், ஒன்றின் மேல் பூனை. கொப்ருலுவினுடையது ஒட்டோமான் காலத்தில் தலைமை அமைச்சர்களைத் தந்த குடும்பம்; அவர்களின் கல்லறை, நூலகம் எல்லாம் திவான்யோலு தெருவிலேயே. கொப்ரு என்றால் பாலமாம்.

எப்படிப் போவது, எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சரி, சுருக்கமாக: டிராமில் போங்கள், செம்பர்லிதாஷில், கறுத்துப்போன கான்ஸ்டன்டைன் தூணருகே இறங்கி நடங்கள். பசித்தால் கால் மணி நேரம் நடந்து சுலைமானியே மசூதிக்கு எதிரே இருக்கும் கடைகளில் குரு ஃபசூல்யே கேளுங்கள். வெள்ளை பீன்ஸ், தக்காளி, வெண்ணெய். காரம் கிடையாது, ஆனால் தட்டோரம் வைக்கும் மிளகாய் ஊறுகாயைச் சோற்றோடு பிசைந்தால்... இரண்டாவது தட்டும் வாங்கினேன். டாக்ஸிக்காரர் விட்டுவைத்த காசு அதற்குச் சரியாக இருந்தது.